கண்ணாடி உருண்டைக்குள் இருப்பவர் யார்? – ஒரு நகலோவியத்தை முன்வைத்து

நகல் என்னும் சொல் நம்மிடையே இழிசொல்லாகிவிட்டது. ஒரு கவிதையையோ ஓவியத்தையோ இறையியற் கட்டுரையையோ தாழ்த்திக் கூற விரும்புவோர், 'இது மேலைநாட்டு நகல்' என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுவர். நம் சூழலுக்கேற்ற இறையியலைத் தேடும் மாணாக்கரிடம் இத்தீர்ப்பு இன்னும் விரைவாக எழுகிறது. இதில் உண்மையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஆயினும், நகலெடுத்தல் என்பது யாது, அது கண்ணிலும் கையிலும் என்ன வேலை செய்கிறது என்பதை அறியாமலே இத்தீர்ப்பை வழங்கி வருகிறோமோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒரு கோடை விடுமுறையில் கிட்டியது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், செங்கற்பட்டிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பழையசீவரம். சிறு குன்றின்மீது நரசிம்மர் கோயில். எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். அவ்வூரில் ஒரு வீட்டின் முன்னறையில் தங்கி, எண்ணெய் வண்ண ஓவியம் பயிலத் தொடங்கினோம். நமக்கு ஆசிரியர் எவருமில்லை. பழைய ஓவியர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொண்டு, அதனை அப்படியே நகலெடுத்துக் கற்பது என்னும் பழம்பெரும் முறையையே மேற்கொண்டோம். அந்த நகலையும், அதற்கு மூலமான படத்தையும், இவ்விரண்டும் நம்மிடம் எழுப்பிய வினாவையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

படமும் அதன் காலமும்

நாம் தெரிந்துகொண்ட படம், ஹாலந்து நாட்டு ஹார்லெம் நகரில் வாழ்ந்த பீட்டர் கிளாஸ் என்னும் ஓவியர் ஏறத்தாழ 1628இல் வரைந்ததாகக் கருதப்படுவது. பரோக் கலையின் காலத்தது. இன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மனிதர் எவரையும் முதன்மையாகக் காட்டாமல், மேசைமேல் வைத்த பொருள்களை மட்டுமே வரையும் நிலைப்பொருள் ஓவிய வகையைச் சேர்ந்தது. ஒரு மண்டையோடு, ஒரு வயலின், திறந்த கைக்கடிகை ஒன்று, கவிழ்ந்து கிடக்கும் மதுக்கிண்ணம், ஒரு கண்ணாடி உருண்டை ஆகியவை அதிற் காணப்படும் முக்கியப் பொருள்கள். அந்த உருண்டையின் வளைந்த பரப்பில், அறையின் சாளரமும், படச்சட்டத்தின்முன் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஓவியரின் சிற்றுருவமும் தெரிகின்றன. இச்சிற்றுருவமே பின்னர் நமக்குப் பெருஞ்சிக்கலாயிற்று.

இத்தகைய படங்கள் ஹாலந்தில் பெருகியதற்குச் சமய வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. 1566இல் அந்நாட்டுப் பகுதிகளில் ஆலயச் சிலைகளும் படங்களும் உடைக்கப்பட்டன. 1578இல் ஹார்லெம் நகரின் பேராலயம் சீர்திருத்தச் சபையின் கைக்கு வந்தது. அதன் சுவர்கள் வெறுமையாயின. ஆலயத்தில் வேலையிழந்த ஓவியம் வணிகர் வீட்டுக் கூடத்திற்குக் குடிபெயர்ந்தது. புனிதர் உருவங்கள் நின்ற இடத்தில் எலுமிச்சையும் அப்பமும் கடிகையும் வந்து அமர்ந்தன. அவையே அருளுரை கூறத் தொடங்கின. நம் தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் ஆலயச் சுவர்களில் வசனமன்றி வேறொன்றும் காணாது வளர்ந்த நமக்கு, இவ்வரலாறு அயலாருடையது அன்று.

கை கற்ற பாடம்

முதலில் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலப்படத்தை நாம் கண்டதில்லை. நம் கையிலிருந்தது அச்சிட்ட தாள் ஒன்றே. எனவே நாம் எடுத்தது நகலின் நகல். மூலத்தில் வண்ணம் எவ்வளவு தடிப்பாக உள்ளது, தூரிகை எத்திசையில் சென்றது என்பதை அச்சுத்தாள் கூறாது. மொழிபெயர்ப்பின் வழியே பெரும் இறையியலாரைப் பயில்வோர் அனைவரும் இந்நிலையிலேயே உள்ளோம்.

கித்தானை இழுத்துக் கட்டி, அடிப்பூச்சிட்டு, அதன்மேல் மங்கிய பழுப்பு நிறம் பூசினோம். திரைப்படத் தட்டி வரைவோர் செய்வதுபோல் கட்டம் போட்டு உருவங்களை இறக்கினோம். பின்னர் பழுப்பு ஒன்றாலேயே நிழலையும் ஒளியையும் பிரித்தோம். அதற்கும் பின்னரே வண்ணம். எண்ணெய் வண்ணம், நீர் வற்றுவதுபோல் வற்றுவதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. ஆகவே ஓர் அடுக்கு இறுகும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடியிலுள்ள அடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் மேலடுக்கு முன்னே இறுகிப் பின்னர் வெடிக்கும். பார்வோனின் கனவில் மெலிந்த பசுக்கள் கொழுத்த பசுக்களை விழுங்கின. ஓவியத்திலோ கொழுத்தது எப்போதும் மெலிந்ததன்மீதே நிற்கவேண்டும். அவசரத்தினால் இம்முறையை மீறி, வயலினின் ஒரு பகுதியை இருமுறை சுரண்டியெடுத்தோம்.

மண்டையோட்டின் கண்குழிகளைக் கருமையாகப் பூசினோம், படம் செத்துவிட்டது. மீண்டும் அச்சுத்தாளை உற்று நோக்கியபோது, அங்கே முழுக் கருமை என்று ஒன்றில்லை. மேசையிலிருந்து எதிரொளித்த வெம்மையான பழுப்பே இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைக் கோடுகளால் வரைந்தோம். அது கம்பிக்கூடுபோல் ஆயிற்று. கிளாஸ் கண்ணாடியை வரையவேயில்லை. அதனூடே தெரியும் பின்புறத்தைச் சற்று மாற்றி வரைந்து, இரண்டொரு ஒளிப்புள்ளிகளை இட்டார், அவ்வளவே. 'கண்குழி கறுப்பு', 'கண்ணாடி வெள்ளை' என்பன நாம் முன்னரே மனத்தில் வைத்திருந்த முடிவுகள். நகலெடுத்தல் அம்முடிவுகளை ஒவ்வொன்றாக உடைத்தது. வெறுமனே பார்ப்பவனைப் படம் ஏமாற்ற விட்டுவிடும். நகலெடுப்பவனை அது விடுவதில்லை. இதுவே நகலின் முதற்பயன் என்பது நம் துணிபு.

மாயையும் மூச்சும்

இப்படங்களின் பொருளாகக் கூறப்படுவது பிரசங்கியின் செய்தி. இலத்தீன் வேதாகமம் அதனை 'வானிதாஸ்', அதாவது வெறுமை, என்றது. இவ்வகைப் படங்களுக்கும் அப்பெயரே நிலைத்தது. நம் தமிழ் வேதாகமத்தில் அச்சொல் 'மாயை' என வழங்குகிறது. எபிரெய மூலத்திலுள்ள சொல்லோ 'ஹெபெல்'. அதன் பொருள் மூச்சு, நீராவி. ஆபேலின் பெயரும் அதுவே. மூன்று சொற்களும் ஒன்றல்ல. நம் நாட்டில் 'மாயை' என்றவுடன், மெய்யாக இல்லாதது உள்ளதுபோல் தோன்றுதல் என்னும் வேதாந்தக் கருத்து கேட்போர் உள்ளத்தில் எழும். மூச்சு அத்தகையதன்று. அது மெய்யாகவே உள்ளது; நில்லாமற் போகிறது.

இவ்வேறுபாட்டை விரிவுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் அந்தக் கடிகையை 9 நாள்கள் வரைந்தபோதே அது நமக்கு விளங்கிற்று. இப்பொருள்கள் பொய்த்தோற்றம் என்று அவ்வோவியர் எண்ணியிருந்தால், உலோகத்தின் விளிம்பிலே விழுந்த அந்த மயிரிழை ஒளிக்காக இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. அழிந்துபோகும் என்பதனாலேயே அதனை அவ்வளவு கருத்தோடு நோக்கினார். ஆகவே அவருடைய தூரிகை பேசுவது மாயையை அன்று, மூச்சையே. இதை ஒரு பிரசங்கத்திற் கூறுவது எளிது; ஒரு கடிகையில் காட்டுவது அரிது.

ஆயினும் இப்படத்தை முழுமனத்தோடு போற்ற நம்மால் இயலவில்லை. எல்லாம் வெறுமை என்று அறிவிக்கும் இப்படங்கள், வணிகர் தம் செல்வத்தால் வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொண்ட பண்டங்கள். அச்செல்வத்தின் ஒரு பகுதி நம் கடற்கரையிலிருந்து சென்றது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியது. பழையசீவரத்தைக் கடந்து செல்லும் இதே பாலாறு கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே, சதுரங்கப்பட்டினத்திலும் அக்கம்பெனியார் துணி வாங்கினர். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து அவர்கள் துணியை மட்டும் கொண்டுசெல்லவில்லை. பஞ்சத்தாலும் போராலும் நொந்த மக்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினர். கிளாஸும் அவர் காலத்து ஹார்லெம் ஓவியர் ஹெடாவும் வரைந்த உணவு மேசைப் படங்களில், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் மிளகு இருக்கும். சீனத்துப் பீங்கான் இருக்கும். அவற்றைச் சுமந்தவர் எவரும் இரார். பொருளின் நிலையாமையைக் கூறும் படம், பொருள் வந்த வழியைக் கூறாமல் விட்டுவிடுகிறது. பிரசங்கியே ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரைக் கண்டு எழுதியவர். அப்பகுதி ஹார்லெம் மேசைக்கு வந்து சேரவில்லை.

அம்மண்டையோடும் நம் மண்ணில் வேறு பொருள் கொள்கிறது. வீட்டுக்கார அம்மையார் அதைக் கண்ட நாளில், "வேற ஒண்ணும் கெடைக்கலியா ஐயா? பழம் கிழம் வெச்சு எழுதக் கூடாதா?" என்றார். பிணத்தைச் சுட்டு எலும்பை ஆற்றில் விடும் வழக்கமுள்ள நாட்டில், மண்டையோடு வீட்டு மேசைக்குரியதன்று. சுடலைக்குரியது, காபாலியின் கைக்குரியது. டச்சுக்காரர் தம் வழக்கத்தை இங்கும் கொணர்ந்தனர். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லிற் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களை இன்றும் காணலாம். அவை அவ்வாயிலிலேயே நின்றுவிட்டன. நம் மக்களின் நெஞ்சில் புகவில்லை.

திருவனந்தபுரத்து மாணவர்

நகலெடுத்துக் கற்றவருள் நம் நாட்டில் தலையாயவர் ரவி வர்மா (1848–1906). அவர் திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் பயில விரும்பியபோது, மதுரையைச் சேர்ந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார் என்றும், நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து வண்ணம் கலக்கும் முறையைக் காட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இடங்கொடுத்தார். ஒருவர் மறுத்ததையும் மற்றவர் பாதி காட்டியதையும் கொண்டு, பார்த்தும் பின்பற்றியும் ரவி வர்மா கற்றார். 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார். 1894இல் அச்சகம் நிறுவினார். நகலெடுத்துக் கற்றவரின் படங்கள் பின்னர் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் நகல்களாயின.

அவருடைய தேவியர் உருவங்களின் நாடகப் பாங்கும் நிற்கும் முறையும் ஐரோப்பியப் படங்களின் எதிரொலி என்று குறைகூறுவோர் உளர். அக்குறையில் உண்மையுண்டு. ஆனால் சேலையின் சரிகையை அவர் வரைந்த இடங்களை நோக்குக. தஞ்சை ஓவியர் பொன்தகட்டை ஒட்டிப் பொன்னைக் காட்டுவர். ரவி வர்மாவோ பொன்னே இன்றி, மஞ்சட்காவியாலும் வெள்ளையாலும் நிழலாலும் சரிகையை ஒளிரச் செய்தார். சரிகைச் சேலைக்கு எந்த ஐரோப்பியப் படமும் அவருக்கு வழிகாட்டியிராது. நகலிற் கற்ற கைத்திறத்தைக் கொண்டு, நகலில் இல்லாத ஒன்றைத் தாமே நோக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அவர் சிறக்கிறார். தோற்றத்தை நகலெடுத்த இடத்தில் தளர்கிறார். முறையைக் கற்றுத் தம் பொருளை நோக்கிய இடத்தில் உயர்கிறார்.

மறுகோடியில் ஹேவல் என்னும் ஆங்கிலேயர் நிற்கிறார். 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1884இல் தலைவராக வந்தவர். 1896இல் கல்கத்தா சென்றார். அங்குக் கலைக்கூடத்திலிருந்த ஐரோப்பியப் படங்களை நீக்கி, இந்தியப் படங்களை வைத்தார். எதிர்த்துக் குரலெழுப்பியவர் இந்திய மாணவரே. இந்தியக் கலையின் பெருமையை உலகிற்கு எடுத்துரைத்த ஹேவலின் நன்மனத்தில் நமக்கு ஐயமில்லை. எனினும் எதை நகலெடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பதை மாணவரைக் கேளாமல் மேலிருந்து ஒருவர் முடிவுசெய்தார். 'உங்கள் மரபிலேயே நில்லுங்கள்' என்பதும் ஒரு கட்டளையாகலாம் என்பதை, சூழல்சார் இறையியலைப் போதிப்போர் மறத்தலாகாது.

உருண்டைக்குள் இருப்பவர்

இனி அந்தக் கண்ணாடி உருண்டைக்கு வருவோம். மூலத்தில் உள்ளவாறே, அதனுள் கிளாஸின் சிற்றுருவத்தையும் ஹார்லெம் சாளரத்தையும் வரைந்து முடித்தோம். வீட்டுக்கார அம்மையார் வந்து பார்த்தார். "இது யாரு, உள்ள உக்காந்திருக்கிறது?" என்று வினவினார். "இந்தப் படத்தை எழுதினவரம்மா" என்றோம். "நீங்கதானே எழுதினீங்க?" என்றார்.

இதற்கு விடைகூற நமக்குத் தெரியவில்லை. கண்ணாடி பொய் சொல்லாது. எதிரே இருப்பவரையே காட்டும். நம் கித்தானிலுள்ள உருண்டையோ, எதிரே இல்லாத ஒருவரைக் காட்டிற்று. கிளாஸ் வரைந்தது சான்று. அதையே நாம் வரைந்தது பொய்ச்சான்று. அவரை அழித்துவிட்டு நம்மை வரைந்தால் என்ன என்று எண்ணினோம். அப்போது ஒளி எங்கிருந்து வரும்? அறையில் நிறைந்திருப்பது வடபுலத்தின் சாம்பல் ஒளி. மணற்பரப்பில் பட்டு முன்னறைக்குள் அடிக்கும் பாலாற்றங்கரை வெயில் அன்று. உருண்டையை மாற்றினால் கிண்ணத்தை மாற்றவேண்டும். கிண்ணத்தை மாற்றினால் மேசையை மாற்றவேண்டும். ஹார்லெம் அறைக்குள் தமிழர் ஒருவரை அமர்த்திவிட்டு, 'இது நம் சூழலுக்கேற்ற ஓவியம்' என்று கூறுவது இன்னும் பெரிய பொய்யாகும். நம் இறையியல் எழுத்துகளிற் சில இப்பிழையையே செய்கின்றன. அமைப்பு முழுவதையும் அயலிலிருந்து பெற்று, எடுத்துக்காட்டில் மட்டும் ஓர் உழவரையும் ஓர் ஆலமரத்தையும் நுழைத்துவிடுகின்றன.

முடிவில் உருண்டைக்குள் கிளாஸையே இருக்கவிட்டோம். கித்தானின் பின்புறத்தில், 'பீட்டர் கிளாஸ் படத்தின் நகல், பழையசீவரம்' என்று எழுதினோம். அவ்வரியை எழுதியதும் பொய் நீங்கிற்று. பொய், நகலெடுத்தலில் இல்லை. பின்புறத்தை எழுதாமல் விடுவதில் உள்ளது. பிறர் பிரசங்கத்தைத் தம்முடையதாக ஓதும் போதகரும், பிறர் நூலைத் தம் ஆய்வாக அளிக்கும் மாணாக்கரும் நகலெடுத்ததற்காக அன்று, அதனை மறைத்ததற்காகவே குற்றவாளிகள்.

அப்படத்தில் ஊமையாய்க் கிடக்கும் வயலினும் நமக்கு ஒன்றை நினைவூட்டிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பகுதியில் ஓர் ஐரோப்பியரிடம் அக்கருவியைக் கற்றார். முதலில் அவர்களைப் போலவே கற்றார். பின்னர் அது தரையில் அமர்ந்து, கழுத்தைக் காலில் ஊன்றி வாசிக்கும் கருவியாயிற்று, சுருதி கூட்டும் முறையும் மாறிற்று, கமகம் பேசிற்று. இன்று எந்தத் தமிழரும் வயலினை நகல் என்று கூறார். அதே காலத்தில் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மானிய அருட்பணியாளர் சுவார்ட்ஸின் மாணவர். ஜெர்மானியர் கற்பித்த சமயத்தைக் குறவஞ்சி என்னும் தமிழ் வடிவிற் பாடினார். இவ்விருவரும் கற்கும் காலத்தைத் தாண்டிக் குதித்தவரல்லர்; அதிலேயே தங்கிவிட்டவரும் அல்லர்.

ஆற்றுக்கு அக்கரையில்

நகலை முடித்த பின்னர் ஒருநாள் பாலத்தின் வழியே திருமுக்கூடல் சென்றோம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு உள்ளது. அங்கு நடந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும் அது குறிக்கிறது. யாருக்கு எவ்வளவு நெல், எவ்வகைத் தைலங்கள், கடுக்காய் சேர்ந்த மருந்துகள் எவையெவை என்று ஒவ்வொன்றாக அளந்து கூறுகிறது. வரைந்த படம் ஒன்றும் அங்கில்லை. ஆயினும் அழியும் உடலுக்காக, அழியும் பொருளை, இத்துணைக் கருத்தோடு எண்ணி எழுதியிருப்பதைக் கண்டபோது, ஹார்லெம் மேசைமுன் நாம் கற்றது நினைவிற்கு வந்தது. அங்குப் பொருள்கள் மட்டும் இருந்தன. இங்கோ பொருளோடு, அதைப் பெறும் நோயாளியும் பணியாளரும் இடம்பெறுகின்றனர். கிளாஸின் படத்தில் விடுபட்டதாக நாம் கண்ட குறையை இக்கல் ஒருவாறு நிரப்புகிறது.

திரும்பி வந்து, வீட்டிலிருந்த பித்தளைச் செம்பு ஒன்றை மேசைமேல் வைத்தோம். அதனருகே கொஞ்சம் கடுக்காய். செம்பின் வயிற்றில் சாளரக் கம்பிகளும், வெயில் மணலின் வெண்மையும், கோணலாய்ச் சிறுத்த நம் உருவமும், பின்னே வாயிற்படியில் நின்ற அம்மையாரும் தெரிந்தனர். அதனைச் சிறிய கித்தானில் வரைந்தோம். படம் சிறந்ததென்று கூற இயலாது. செம்பு சற்றுச் சாய்ந்துவிட்டது. கடுக்காய் கூழாங்கல்லைப்போல் உள்ளது. ஆயினும் நிழலில் எங்கும் கருமை வைக்கவில்லை. மெலிந்த அடுக்கின்மேலேயே கொழுத்த அடுக்கை இட்டோம். இவ்விரண்டையும் கிளாஸிடமே கற்றோம். செம்பில் தெரிவோரை மட்டும் அவர் கற்பிக்கவில்லை. அது அவரால் இயலாதது.

ஆகவே இறையியல் பயிலும் மாணாக்கருக்கு நாம் கூற விழைவது இதுவே. நகலை வெறுக்கவேண்டா, அரைகுறையாகவும் எடுக்கவேண்டா. பேராசான் ஒருவரைத் தெரிந்துகொண்டு, அவர் அடுக்கின்மேல் அடுக்காக எவ்வாறு எண்ணினார் என்பதைக் கை நோகுமளவும் பின்பற்றுங்கள். அவர் எதைத் தம் மேசையில் வைக்க மறந்தார் என்பதும் அப்போதே தெரியவரும். முடித்ததும் பின்புறத்தில் அவர் பெயரை எழுதிவையுங்கள். அதன்பின் உங்கள் வீட்டுச் செம்பை எடுத்து, உங்கள் ஊர் வெளிச்சத்தில் வையுங்கள். அதில் யார் யார் தெரிகின்றனர் என்று பாருங்கள்.